தாமஸ் சம்டர்: ஊர்ப்படைத் தளபதி செனட்டர் ஆன கதை

கேட்ட கேள்வி இது: "அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்தால் சம்டர் கோட்டை என்ற பெயர் வருகிறது. அந்தச் சம்டர் யார்? சுதந்திரப் போரில் ஊர்ப்படைத் தளபதியாக இருந்து அரசியலுக்கு வந்தவர் என்கிறார்கள். ஒரு பக்கம் மாவீரர் என்று எழுதுகிறார்கள், இன்னொரு பக்கம் கொள்ளைக்காரர் என்று எழுதுகிறார்கள். எது சரி?"

கோட்டை விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில், கல்லைக் கொட்டி உண்டாக்கிய தீவில், 1829ல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. சம்டர் அப்போது உயிரோடு இருந்தார், வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. மாநிலத்தின் பழைய போர்வீரர் என்ற மரியாதைக்காக அவர் பெயரை வைத்தார்கள். 1861 ஏப்ரல் 12ஆம் தேதி அந்தக் கோட்டைமீது விழுந்த குண்டுகளோடு உள்நாட்டுப் போர் தொடங்கியதால் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. அவர் சண்டை போட்ட இடங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வெகு தூரம் உள்ளே, ஆற்றங்கரைகளிலும் காடுகளிலும் இருந்தன.

சரி, ஆளுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஊர்ப்படை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த மனிதரை எடைபோட முடியாது. பிரிட்டனை எதிர்த்து நடந்த அந்தச் சுதந்திரப் போரில் அமெரிக்கர் பக்கம் இரண்டு வகைப் படை இருந்தது. ஒன்று வாஷிங்டன் தலைமையில் இருந்த கான்டினென்டல் ராணுவம். காங்கிரஸ் என்கிற அமெரிக்கர்களின் பொதுச் சபை ஆள் எடுத்து, இத்தனை ஆண்டு என்று எழுதி வாங்கி, சீருடை கொடுத்து நடத்திய முறையான படை (சம்பளம் வந்ததா என்பது வேறு கதை). இன்னொன்று மிலிஷியா என்கிற ஊர்ப்படை. சொந்தக் குதிரை, சொந்தத் துப்பாக்கி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோளமாவு. சில வாரம் இருப்பார்கள். அறுவடை வந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதிகாரியைப் பிடிக்கவில்லை என்றாலும் போய்விடுவார்கள். தப்பி ஓடியவன் என்று பிடித்துச் சுட அங்கே வழியில்லை, ஏனென்றால் அடுத்த முறை கூப்பிட வேண்டியதும் அவனைத்தான், அவன் அண்ணன் தம்பியைத்தான். ஆகவே ஓர் ஊர்ப்படைத் தளபதி ஏறக்குறைய தினமும் ஓட்டுக் கேட்கிற நிலையில்தான் இருந்தார். சம்டர் அரசியலுக்கு வந்தது போர் முடிந்த பிறகு இல்லை, படை திரட்டிய அன்றைக்கே வந்துவிட்டார் என்பது என் கட்சி.

பிறந்தது 1734 ஆகஸ்ட் 14, வர்ஜீனியாவில். எளிய குடும்பம், தகப்பனுக்கு மாவு அரைக்கும் ஆலை. பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். இளவயதில் வர்ஜீனியா மாகாணப் படையில் சார்ஜென்ட்டாக இருந்தார். 1761ல் செரோக்கி பழங்குடியினரோடு சமாதானம் ஏற்பட்டபோது, அவர்களுடைய ஊர்களுக்குத் தூதாகப் போன லெஃப்டினன்ட் ஹென்றி டிம்பர்லேக்கோடு சேர்ந்து போனார். பயணச் செலவுக்குச் சம்டர் கடன் வாங்கிக் கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடன் இவரைச் சாகும்வரை விடவில்லை.

1762ல் ஆஸ்டெனாகோ என்ற செரோக்கித் தலைவரும் இன்னும் இருவரும் லண்டனுக்குப் போய் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க, அந்தப் பயணத்திலும் சம்டர் இருந்தார். கப்பலிலேயே மொழிபெயர்ப்பாளர் இறந்துபோனார். அரச சந்திப்பில் இரண்டு பக்கமும் பேசியது இரண்டு பக்கத்துக்கும் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். லண்டன் மக்கள் மூன்று தலைவர்களையும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மாவாலை வீட்டுப் பையன் இதையெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கரோலினா வழியாகத் திரும்பினார்.

திரும்பியதும் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் ஊரில் கடனுக்காகச் சிறையில் போட்டார்கள். பழைய நண்பர் ஜோசஃப் மார்ட்டின் பார்க்க வந்தார், ஓர் இரவு சிறையிலேயே தங்க அனுமதி வாங்கினார், போகும்போது பத்து கினி பணத்தையும் ஒரு கைக்கோடரியையும் விட்டுப் போனார். அதை வைத்துச் சம்டர் தப்பித்துத் தென் கரோலினாவுக்கு ஓடினார். மார்ட்டினுக்கு அந்தப் பணம் திரும்பி வர ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆனது. ஆனால் வந்தது.

தென் கரோலினாவில் சான்டீ ஆற்றங்கரையில் ஒரு கடை போட்டார். 1767ல் மேரி கான்ட்டி ஜேமிசன் என்ற வசதியான விதவையை மணந்தார். அவர் சம்டரைவிட வயதில் மூத்தவர், நடக்க முடியாத அளவுக்குக் கால் பாதிக்கப்பட்டவர். நிலம், ஆலைகள், அடிமைகள் என்று சம்டர் பெரிய மனிதர் ஆனது இந்தத் திருமணத்தால்தான். 1776ல் மாநிலத்தின் ஆறாம் ரெஜிமென்ட்டுக்கு லெஃப்டினன்ட் கர்னல் ஆனார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல், சலிப்பு, 1778ல் ராஜினாமா. கதை அங்கேயே முடிந்திருந்தால் இன்று யாருக்கும் பெயர் தெரிந்திருக்காது.

1780 மே 12ஆம் தேதி சார்ல்ஸ்டன் பிரிட்டிஷாரிடம் விழுந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சரணடைந்தார்கள். தெற்கில் முறையான அமெரிக்கப் படை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பலரும் "இனி ஆயுதம் எடுக்க மாட்டேன்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். பிரிட்டிஷார் அந்த நேரத்தில் சும்மா இருந்திருந்தால் தென் கரோலினா அவர்கள் கையோடே போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இருக்கவில்லை. ஜூன் மாதம் ஜெனரல் கிளின்டன் ஓர் அறிவிப்பு விட்டார்: வீட்டில் இருந்தால் மட்டும் போதாது, மன்னர் பக்கம் நின்று ஒத்துழைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலகக்காரன் என்று கணக்கு. நடுவில் நின்றவர்களை அவரே எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்.

சம்டர் விஷயத்தில் அறிவிப்புக்கும் முன்பே காரியம் நடந்துவிட்டது. மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் அதிகாரி பானாஸ்டர் டார்ல்டனின் குதிரைப்படை அவரைத் தேடி வந்தது. அவர் முன்கூட்டியே கிளம்பிப் போயிருந்தார். வீட்டில் மனைவியும் சிறுவயது மகனும் மட்டும். நடக்க முடியாத அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து முற்றத்துப் புல்வெளியில் வைத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே வீட்டைக் கொளுத்தினார்கள். சிப்பாய் ஒருவன் மனசு கேட்காமல் ஒரு பன்றித்தொடையை அந்த நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டுப் போனான் என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு.

சம்டர் வடக்கே கட்டாபா ஆற்றுப் பக்கம் போனார். கட்டாபா பழங்குடியினர் அவருடைய ஆட்களுக்கு மாடும் சோளமும் கொடுத்தார்கள், தங்களுடைய நிலத்தில் முகாம் போட விட்டார்கள், அவர்களில் சிலர் கூடவே சண்டைக்கும் வந்தார்கள். இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும். அந்த உணவு இல்லாமல் அந்தக் கோடையில் அங்கே ஒரு படை நின்றிருக்க முடியாது. ஜூன் மாதம் அங்கே கூடியவர்கள் சம்டரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நியமனம் இல்லை, அரசாணை இல்லை. ஆணை கொடுக்க வேண்டிய ஆளுநர் ரட்லெட்ஜ் அப்போது மாநிலத்திலேயே இல்லை. கூடி நின்றவர்கள் இவர்தான் என்றார்கள், அவ்வளவுதான். அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் என்ற பதவி எழுத்தில் வந்தது அக்டோபர் 6ஆம் தேதி. அதற்குள் நாலு பெரிய மோதல்கள் முடிந்திருந்தன.

அந்த மோதல்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் 6, ஹேங்கிங் ராக். பிரிட்டிஷ் முகாம் ஒன்றைச் சம்டர் ஆட்கள் தாக்கி ஏறக்குறைய சிதறடித்துவிட்டார்கள். வெற்றி கைக்கு வந்த நேரத்தில் முகாமில் இருந்த ரம் பீப்பாய்கள் கண்ணில் பட்டன. அதோடு சண்டை நின்றுபோனது. குடித்தவர்களைத் திரட்டி அடுத்த தாக்குதல் நடத்த முடியவில்லை, துப்பாக்கி மருந்தும் தீர்ந்திருந்தது. எடுத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிரிட்டிஷார் மிச்சம் இருந்தவர்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அங்கே தகவல் கொண்டு ஓடிய பையன்களில் ஒருவனுக்கு வயது 13. பெயர் ஆண்ட்ரூ ஜாக்சன்.

அடுத்தது ஆகஸ்ட் 18, ஃபிஷிங் க்ரீக். இரண்டு நாள் முன்னால்தான் கேம்டனில் ஜெனரல் கேட்ஸின் பெரிய அமெரிக்கப் படை நொறுங்கியிருந்தது. சம்டரோ அதே வாரம் பிரிட்டிஷ் சரக்கு வண்டிகளையும் கைதிகளையும் பிடித்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தார். நல்ல வெயில். நடுப்பகலில் ஆட்கள் துப்பாக்கிகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஓடையில் குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள், சிலர் குடிக்கிறார்கள். தளபதி ஒரு வண்டிக்குக் கீழே நிழலில் தூங்குகிறார். டார்ல்டன் சுமார் 160 பேரோடு வந்து பாய்ந்தார். அவருடைய காலாட்கள் வெயிலில் தளர்ந்துபோனதால், சிலரைக் குதிரைக்காரர்களுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எதிரில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். ஆனால் யார் கையிலும் துப்பாக்கி இல்லை. அமெரிக்கர் தரப்பில் ஏறக்குறைய 150 பேர் செத்தார்கள், 300 பேர் பிடிபட்டார்கள். சம்டர் மேல்சட்டை இல்லாமல், சேணம் இல்லாத குதிரையில் ஏறித் தப்பினார்.

காவல் சரியாகப் போடாதது முழுக்க அவர் தப்பு. முறையான ராணுவமாக இருந்தால் இதோடு அவர் கதை முடிந்திருக்கும், விசாரணை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஊர்ப்படையில் நடந்ததோ வேறு. சில வாரங்களில் அவரைச் சுற்றி மறுபடியும் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்துவிட்டார்கள். தோற்றாலும் சண்டைக்கு நிற்கிறவர், பிரிட்டிஷ்காரன் தூங்க விடாமல் பார்த்துக்கொள்கிறவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. 'சண்டைச் சேவல்' என்ற பட்டப்பெயரும் இந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்பதற்குப் பல கதை ஓடுகிறது. தென் கரோலினா பல்கலைக்கழக விளையாட்டு அணிகள் இன்றும் அந்தச் சேவலைத்தான் சின்னமாக வைத்திருக்கின்றன.

நவம்பர் 20ஆம் தேதி டைகர் ஆற்றங்கரையில் பிளாக்ஸ்டாக் பண்ணையில் டார்ல்டனுக்குப் பதில் கொடுத்தார். டார்ல்டன் அவசரப்பட்டு, பீரங்கியும் காலாட்படையின் பெரும்பகுதியும் வந்து சேரும் முன்பே மோதினார். சம்டர் இந்த முறை மேட்டையும் மரவீடுகளையும் பிடித்துவைத்துக்கொண்டு அடித்தார். டார்ல்டன் பின்வாங்க வேண்டியதாயிற்று (பிற்பாடு தான் ஜெயித்ததாகவே எழுதிக்கொண்டார்). ஆனால் எட்டிப் பார்க்கப் போன சம்டர்மீது ஈயக் குண்டுகள் பாய்ந்தன. தோளிலும் மார்பிலும் காயம். மாட்டுத்தோலைத் தூளி மாதிரி இரண்டு குதிரைகளுக்கு நடுவில் கட்டி, அதில் போட்டுத் தூக்கிப் போனார்கள். அவருக்குக் காயம் என்று தெரிந்ததும் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், இந்த நாட்டில் நமக்குப் பெரிய தொல்லை இவர்தான் என்று எழுதினார். ஆமாம், பின்னாளில் நம் பக்கம் கவர்னர் ஜெனரலாக வந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு ஒப்பந்தம் போட்ட அதே கார்ன்வாலிஸ்தான்.

அந்த டிசம்பரில் தெற்குப் படைக்குப் புதுத் தலைவராக நத்தானியேல் கிரீன் வந்தார். இதற்குப் பிறகுதான் சிக்கல். திட்டம் போட்டு நகர்த்துகிற மனிதர் கிரீன். சம்டருக்கு எழுதிய கடிதத்தில், ஊர்ப்படையின் திடீர்த் தாக்குதல்கள் விருந்து மேசையை அலங்கரிப்பது போன்றவை, பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நாட்டைக் காப்பாற்ற நிலையான படைதான் வேண்டும் என்று மென்மையாகக் குத்தினார். ஆறு மாதமாகத் தனியாகத் தாக்குப்பிடித்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? டேனியல் மார்கன் என்ற கான்டினென்டல் தளபதியைச் சம்டரின் வட்டாரத்துக்குள் கிரீன் அனுப்பியபோது சம்டர், என் வழியாக வராத எந்த உத்தரவையும் கேட்காதீர்கள் என்று தன் அதிகாரிகளிடம் சொல்லிவைத்தார். மார்கன் 1781 ஜனவரி 17ஆம் தேதி கௌபென்ஸில் டார்ல்டனைத் தரைமட்டமாக்கினார். சம்டர் காயத்தோடு படுத்திருந்தார்.

இப்போது கேள்வியின் கசப்பான பாதிக்கு வருகிறேன். 1781 வசந்த காலம். பணம் இல்லை. மாநில அரசு என்று ஒன்று பேருக்குத்தான். சில வாரம் வந்து போகும் ஊர்ப்படை போதாது, பத்து மாதம் நிலையாக இருக்கும் ஆட்கள் வேண்டும். எதைக் கொடுத்து நிறுத்துவது? சம்டர் கண்டுபிடித்த வழிக்குச் 'சம்டர் சட்டம்' என்றே பெயர் வந்துவிட்டது. மன்னர் பக்கம் நின்ற பண்ணையார்களிடமிருந்து அடிமைகளைப் பறித்து, அவர்களையே சம்பளமாகக் கொடுப்பது. சாதாரணச் சிப்பாய்க்கு வளர்ந்த அடிமை ஒருவர். கேப்டனுக்கு இரண்டு பேர், கர்னலுக்கு அதற்கும் மேல். சார்ஜென்ட்டுக்கு ஒன்றேகால். மனிதரை எப்படிக் கால் பங்காகக் கொடுப்பார்கள் என்று கேட்டால், அவர்கள் கணக்கில் அது மனிதர் இல்லை, நாணயம்.

சம்டரைத் திட்டி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொள்ளை என்கிற கோணத்திலேயே திட்டுகிறார்கள்: அடுத்தவன் சொத்தை எடுத்தார், ஒழுங்கைக் கெடுத்தார் என்று. பிரான்சிஸ் மேரியன் என்ற இன்னொரு ஊர்ப்படைத் தளபதி இந்த ஏற்பாட்டைத் தன் படையில் அனுமதிக்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். அது சரிதான். ஆனால் மேரியனும் அடிமைகளை வைத்திருந்த பண்ணையார்தான். இந்த வியாபாரத்தில் உண்மையில் பறிகொடுத்தவர்கள் பண்ணையார்களா? கலகக்காரரின் அடிமைகள் தப்பி வந்தால் அடைக்கலம் தருவதாக 1779ல் கிளின்டன் அறிவித்திருந்தார், அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் பக்கம் ஓடினார்கள். மன்னர் பக்கத்துப் பண்ணையாரின் அடிமைக்கு அந்த வாக்குறுதியும் கிடையாது. சம்டர் ஆட்கள் குதிரையில் வந்து பிடித்துப்போனால், இருந்த குடும்பமும் பிரிந்து, முன்பின் தெரியாத மலையடிவாரப் பண்ணைக்குப் போக வேண்டியதுதான். இதில் அவருக்காக வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. ஆட்கள் சேர்ந்தார்கள், திட்டம் வேலை செய்தது என்று மட்டும் சொல்லலாம்.

சம்பளமே பறிமுதல் என்று ஆனபின் போர்த்திட்டமும் அதற்கேற்ப வளைந்தது. மே மாதம் கிரான்பி கோட்டையை முற்றுகை போட்டுவிட்டு, ஆரஞ்ச்பர்க்கைப் பிடிக்கச் சம்டர் விலகிப் போனார். 11ஆம் தேதி அதைப் பிடித்தும் விட்டார். அவர் இல்லாத நேரத்தில் கான்டினென்டல் படையின் ஹென்றி லீ கிரான்பிக்கு வந்து, உள்ளே இருந்தவர்கள் தங்கள் சாமான்களோடு வெளியேறலாம் என்று தாராளமாக ஒப்பந்தம் பேசிக் கோட்டையை வாங்கிக்கொண்டார். தன் ஆட்களுக்கு வரவேண்டிய பங்கு வண்டியேறிப் போகிறது! சம்டர் கோபத்தில் பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். கிரீன் அதைச் சமாதானமாகத் திருப்பி அனுப்பினார்.

ஜூலை 17ஆம் தேதி குவின்பி பாலத்துக்குப் பக்கத்தில் எல்லாம் சேர்ந்து வெடித்தது. பண்ணை வீடுகளுக்குள்ளும் வேலிக்குப் பின்னும் பிரிட்டிஷ் படை பத்திரமாக இருந்தது. தாக்க வேண்டாம் என்றார்கள் மேரியனும் லீயும். பீரங்கி பின்னால் வந்துகொண்டிருந்தது, அதற்குக் கூடச் சம்டர் காத்திருக்கவில்லை. திறந்த வெளியில் ஓடிய மேரியனின் ஆட்களும் கர்னல் தாமஸ் டெய்லரின் ஆட்களும் அடிபட்டு விழுந்தார்கள். சண்டை முடிந்ததும் டெய்லர் நேராகச் சம்டரிடம் போய், இனி ஒரு நாளும் உங்களுக்குக் கீழே சண்டை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றிரவே மேரியன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கோடை முடிவதற்குள் ஆளுநர் ரட்லெட்ஜ் திரும்பி வந்து பறிமுதல் வேலைக்குத் தடை போட்டார். சம்டரின் போர் நடைமுறையில் அதோடு முடிந்தது. 1782 தொடக்கத்தில் பதவியை விட்டார்.

தேர்தல் அரசியலுக்கு அவர் வந்த வழி நீளமானது இல்லை. 1782 ஜனவரியில் சட்டமன்றம் ஜாக்சன்பரோவில் கூடியபோது அவர் அதில் உறுப்பினர். ஊர்ப்படையாக அவர் பின்னால் நின்றவர்கள்தான் அவருடைய தொகுதி. சட்டமன்றமும் அவரைக் கைவிடவில்லை. பறிகொடுத்தவர்கள் போருக்குப் பின் வழக்குப் போடத் தொடங்கியதும், சம்டர், இன்னொரு ஊர்ப்படைத் தளபதியான பிக்கன்ஸ் ஆகியோரும் அவர்களுடைய அதிகாரிகளும் போர்க்காலத்தில் செய்ததற்காக வழக்கில் மாட்டாதபடி 1784ல் தனிச்சட்டமே போட்டார்கள். நன்றி என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ, அவரைக் கூண்டில் ஏற்றினால் பாதி மாநிலத்தையும் ஏற்ற வேண்டிவரும் என்ற பயமும் அதில் தெரிகிறது.

சான்டீ ஆற்றின் மேட்டு நிலத்தில் 1783ல் ஸ்டேட்பர்க் என்று ஓர் ஊரை உருவாக்கினார். பெயரைப் பார்த்தாலே ஆசை தெரியும், மாநிலத் தலைநகரம் அங்கே வர வேண்டும். கடலோரப் பெருநிலக்காரர்களின் சார்ல்ஸ்டனிலிருந்து தலைநகரத்தை உள்ளே இழுக்க வேண்டும் என்பதில் உள்நாட்டுக்காரர்கள் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் 1786ல் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது வேறு இடம்: கொலம்பியா. அந்த நகரத்துக்கான நிலம் பெரும்பாலும் டெய்லர் குடும்பத்துடையது. குவின்பியில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போன அதே தாமஸ் டெய்லர்தான். பிற்பாடு மாவட்ட நீதிமன்றமும் ஸ்டேட்பர்க்கை விட்டு, சம்டர் பெயரையே தாங்கிய சம்டர்வில்லுக்குப் போனது.

1788 மே மாதம் புதிய அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று தென் கரோலினாவில் மாநாடு கூடியது. சம்டர் எதிர்த்தார். வர்ஜீனியா என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு அக்டோபரில் முடிவு செய்யலாம் என்று ஒத்திவைக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். 89க்கு 135 என்று தோற்றது. அடுத்து அரசியல் சட்டம் 149க்கு 73 என்று நிறைவேறியது. உள்நாட்டுப் பகுதிகளில் வெள்ளையர் தொகை அதிகம், ஆனால் மாநாட்டில் இடங்கள் கடலோரத்துக்கே அதிகம். தலையை எண்ணியிருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கிரீனின் உத்தரவை ஏற்காதவர், தூரத்து மத்திய அரசின் உத்தரவை ஏற்கத் தயங்கியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வேண்டாம் என்ற அரசியல் சட்டத்தின் கீழ் 1789ல் கூடிய முதல் காங்கிரஸுக்கே உறுப்பினராகப் போனார். 1793 வரை இருந்தார். பிறகு அந்த இடம் ரிச்சர்ட் வின்னுக்குப் போனது. ஹேங்கிங் ராக்கில் சம்டரோடு நின்று காயம்பட்டவர் அவர். தென் கரோலினா உள்நாட்டு அரசியலில் அந்தத் தலைமுறை முழுக்க இப்படித்தான்: யார் யாரோடு போட்டி போட்டாலும் இரண்டு பேருமே 1780ல் ஒரே முகாமில் சோளக்கஞ்சி குடித்தவர்களாக இருப்பார்கள். 1797ல் மறுபடி கீழவைக்கு வந்தார். ஜெஃபர்சன் கட்சிக்காரராக, ஜான் ஆடம்ஸ் ஆட்சிக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். 1801ல் சார்ல்ஸ் பிங்க்னி ஸ்பெயினுக்குத் தூதராகப் போக, காலியான செனட் இடத்துக்குச் சட்டமன்றம் சம்டரை அனுப்பியது. அந்தக் காலத்தில் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்பது ஆண்டு இருந்தார்.

காங்கிரஸில் அவர் சாதித்தது என்ன என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. அவர் பேரால் நிற்கிற பெரிய சட்டம் கிடையாது, நினைவில் நிற்கிற உரை கிடையாது. தன் பகுதிக்காரர்களுக்காக நின்றார், மத்திய அரசு பெருக்கக் கூடாது என்ற பக்கம் ஓட்டுப் போட்டார். அவ்வளவுதான். மகன் தாமஸ் ஜூனியர் இந்த விஷயத்தில் தகப்பனைவிடத் தூரம் போனார். பாரிஸில் தூதரகச் செயலாளராக இருந்து, ஒரு பிரெஞ்சுப் பிரபு வீட்டுப் பெண்ணை மணந்து, பிறகு போர்ச்சுகல் அரச சபை ரியோ டி ஜெனிரோவில் இருந்த காலத்தில் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்தார்.

1810 டிசம்பரில், 76 வயதில், சம்டர் செனட்டை விட்டு விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜான் டெய்லர், தாமஸ் டெய்லரின் மகன். அந்தக் குடும்பம் தலைநகரத்தையும் வாங்கியது, செனட் இடத்தையும் வாங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் இருபத்தோரு ஆண்டு இருந்தார். நிலம் ஏக்கர் கணக்கில் இருந்தது, கையில் காசு இல்லை. நிலத்தில் போட்ட பணமும் செய்துபார்த்த தொழில்களும் கடனாகவே திரும்பின. மாநில வங்கிக்குக் கட்ட வேண்டிய கடன் கழுத்தை நெரித்தபோது, அவர் உயிரோடு இருக்கும்வரை வசூலிக்கக் கூடாது என்று சட்டமன்றம் சலுகை கொடுத்தது. 1832 ஜூன் 1ஆம் தேதி, 97 வயதில், ஸ்டேட்பர்க்குக்குப் பக்கத்தில் இறந்தார். சுதந்திரப் போர்த் தளபதிகளில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்.

அவர் இறந்து ஆறு மாதம் ஆவதற்குள், நவம்பர் 24ஆம் தேதி, தென் கரோலினா மாநாடு ஒன்று கூடி, மத்திய அரசின் இறக்குமதி வரிச் சட்டங்கள் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று தீர்மானம் போட்டது. டிசம்பர் 10ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதி பதில் அறிக்கை விட்டார்: ஆயுதம் எடுத்து ஒன்றியத்தை உடைப்பது தேசத்துரோகம். அந்த ஜனாதிபதியும் ஊர்ப்படை ஜெனரலாக இருந்து அரசியலில் மேலே வந்தவர்தான், 1802ல் டென்னசி ஊர்ப்படைக்கு மேஜர் ஜெனரல் ஆகியிருந்தார். ஹேங்கிங் ராக்கில் தகவல் கொண்டு ஓடிய ஆண்ட்ரூ ஜாக்சன் அவர்.